வெளியே போயிருக்கு

ஏணிக்காரரின் வாயில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான். 'முடியாது' என்பது அது. மற்றபடி மனிதர் வாயடிப்பதில் சளைத்தவர் இல்லை. மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, பக்கத்துத் தெரு நாய்களின் குணநலன் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். எதிரில் நிற்பவர் ஏதாவது கேட்டுவிட்டால் மட்டும் தலை தானாக ஆடிவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவனுக்குப் பேனாவைக் கொடுத்துவிட்டு, பரீட்சை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். வாத்தியார் காரணம் கேட்டதற்கு, "அவன் கேட்டான் சார்" என்றாராம்.

அவர் தொழில் முளைத்ததும் இந்தக் குறையிலிருந்துதான். கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு நல்ல அலுமினிய ஏணி இருந்தது. தெருவில் யார் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும், யார் வீட்டுப் பூனை கூரையில் ஏறிக்கொண்டாலும் அந்த ஏணிதான் போகும். ஒருநாள் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அவருக்கே ஏணி தேவைப்பட்டது. அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடி, அந்த வீட்டுக்காரர் வேலை முடியும்வரை வாசலில் காத்து நின்று வாங்கி வந்தார்.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இனிமே வாடகைன்னு சொல்லுங்க. ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று யோசனை சொன்னாள். சொன்னார். எல்லோரும் வந்தார்கள். முன்பாவது சாயங்காலம் திருப்பித் தந்துகொண்டிருந்தார்கள். இப்போது, "வாடகை தர்றோம்ல, ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார்கள். வேறு வழியில்லாமல் இன்னொரு ஏணி வாங்கினார். பிறகு ஒரு டிரில்லர், ஒரு தண்ணீர் பம்ப், ஒரு கலவை மிஷின் என்று சேர்ந்துகொண்டே போய், வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகையே உருவாகிவிட்டது. ஜெனரேட்டர் என்ன, புல் வெட்டும் மிஷின் என்ன, எல்லாம் வந்த பிறகும் ஊர் அவரை ஏணிக்காரர் என்றே கூப்பிட்டது.

முடியாது என்று சொல்லத் தெரியாதவன் வாடகைக் கடை நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பது நடத்திப் பார்த்தால்தான் தெரியும். கொத்தனார் ஒருவர் இருந்தார். கலவை மிஷினை எடுத்துப் போனால் கழுவாமல்தான் கொண்டுவந்து விடுவார். உள்ளே சிமென்ட் இறுகிப்போய், அதை உளியால் தட்டித் தட்டியே ஏணிக்காரரின் தோள் இறங்கிவிட்டது. பெயின்டர் ஒருவர் ஏணியை எந்தச் சுவரில் சாய்த்தார் என்பதையே மறந்துவிடுவார். இவர்களிடமெல்லாம் நேருக்கு நேராக, "உனக்குத் தர முடியாதுப்பா" என்று சொன்னால் விஷயம் முடிந்தது. சொல்லத்தான் நாக்கு புரளாதே.

அதற்காக ஏணிக்காரர் கண்டுபிடித்துக்கொண்ட மருந்துதான் 'வெளியே போயிருக்கு'. எந்த மிஷினை யார் கேட்டாலும், ஆள் சரியில்லை என்றால், வெளியே போயிருக்கு. கேட்டவர் மனமும் நோகாது. கடையில் வியாபாரம் ஓகோவென்று நடப்பதாகவும் தோன்றும். மிஷின் அவர் முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். இவர் மோட்டுவளையைப் பார்த்தபடி, இடது காது மடலைத் தடவிக்கொண்டே, "வெளியே போயிருக்குங்க, இப்பதான் ஒரு மணி நேரம் ஆச்சு" என்பார். பொய் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அது பக்குவமாம்.

இந்தப் பக்குவத்தை அவர் அதிகமாகக் காட்டியது வெளியாட்களிடம் அல்ல. மனைவியின் தம்பியிடம்தான்.

மைத்துனர் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தங்கமான மனிதர். ஏணிக்காரர் ஒருமுறை தன் கடை ஏணியிலிருந்தே விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று, அத்தனை படிகளும் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறியவர். ஏணிக்காரர் ஒன்றும் இளைத்த ஆள் இல்லை. இறக்கிவிட்ட பிறகு மைத்துனர் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டார். டாக்டர் வந்து முதலில் அவரைத்தான் பரிசோதித்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மிஷின் தர மறுக்கலாமா? மறுக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு முறை கடையிலேயே உயர்ந்த டிரில்லரை அலமாரி மாட்டுவதற்காக எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது அது துணிப்பைக்குள் இரண்டு துண்டாக இருந்தது. "கை தவறிடுச்சு அத்தான்" என்று அவர் தலைகுனிந்து நின்றார். ஏணிக்காரர் பரவாயில்லை மச்சான் என்று அனுப்பிவைத்துவிட்டு, டிரில்லரைப் பார்த்துப் பார்த்து வருந்தினார். இனிமேல் இவர் கையில் ஒரு திருப்புளிகூடக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

அன்று முதல், பல ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே காட்சிதான். மைத்துனர் காலையில் கடைக்கு வருவார். "அத்தான், பிரஷர் வாஷர் இருக்கா? வீட்டுச் சுவரெல்லாம் பாசி. கழுவணும்னு வீட்ல சொல்றா" என்பார். ஏணிக்காரர் காதைத் தடவுவார். "வெளியே போயிருக்கு மச்சான்." மைத்துனர் முகத்தைத் தொங்கப்போடுவார். அதைப் பார்த்து ஏணிக்காரருக்குள் என்னவோ செய்யும். உடனே மூலைக்கடையிலிருந்து டீயும் பிஸ்கட்டும் வரவழைப்பார். மைத்துனர் சாவகாசமாகக் குடித்துவிட்டு, பேப்பர் முழுக்கப் படித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு கிளம்புவார். டீ கிளாஸை அவர் வைப்பது பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஒரு மேடான பொருளின் மேல். அதுதான் பிரஷர் வாஷர்.

ஒவ்வொரு தடவையும் ஏணிக்காரருக்கு உயிர் போய் உயிர் வரும். தன்னை முதுகில் சுமந்தவனிடம் இப்படிப் புளுகுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மனைவிக்குத் தெரிந்தால்? அவளுக்குத் தம்பி என்றால் உயிர். "பாவம், என் தம்பி எப்ப வந்தாலும் அந்த மிஷின் வெளியே போயிடுது" என்று அவளிடமே பலமுறை புலம்பவிட்டு, "என்ன பண்றது, கிராக்கி அப்படி" என்று பூசி மெழுகியிருக்கிறார். உண்மை தெரிந்தால் அந்த வீட்டில் அவர் இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது.

இந்த நிலையில்தான் ஜெனரேட்டர் விவகாரம் நடந்தது. ஒரே ஜெனரேட்டரை ஒரே நாளுக்கு மூன்று பேர் கேட்டார்கள். மூவரும் நல்லவர்கள். வெளியே போயிருக்கு என்று சொல்ல மனம் வரவில்லை. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூவருக்கும் தலையாட்டிவிட்டார். அந்த நாளும் வந்தது. வாசலில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. மூன்று பேரும் ஜெனரேட்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நியாயம் பேசினார்கள். ஏணிக்காரர் மூவருக்கும் டீ சொன்னார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்து வந்த மனைவி வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள். எப்படியோ இரண்டு பேரைப் பக்கத்து ஊர்க் கடைக்குத் திருப்பிவிட்டு, உள்ளே வந்து கைப்பையை மேசையில் வைத்தாள்.

"இனிமே இந்தக் கடையில நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பேசட்டும்."

"கம்ப்யூட்டர் என்ன பேசும்?"

"எது இருக்கு, எது இல்லைன்னு சொல்லும். உள்ளதை உள்ளபடி."

உள்ளதை உள்ளபடி என்றதும் ஏணிக்காரரின் கண் தார்ப்பாய் மூடிய மூலைக்குப் போனது. ஆனால் மனைவியிடமும் அவருக்கு முடியாது என்ற சொல் வராது. தலையாட்டினார். மனத்துக்குள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். எந்த சாஃப்ட்வேர் வேண்டுமானாலும் வரட்டும், அதற்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். லேப்டாப்பைத் திறந்து, கட்டம் கட்டமாக எதையோ காட்டி, "சார், எங்க சாஃப்ட்வேர்ல ஒளிவுமறைவே கிடையாது" என்று ஆரம்பித்தார். ஏணிக்காரருக்கு அப்போதே பாதி ஆசை போய்விட்டது. இருந்தாலும் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். ஒரு பொருள் கடையில இருக்கு. ஆனா இல்ல. அதை இதுல எப்படிப் போடறது?"

"புரியல சார். இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஒரு விதத்துல பாத்தா இல்ல."

"தொலைஞ்சு போச்சா சார்?"

"சேச்சே. பத்திரமா இருக்கு."

"அப்ப இருக்கு சார்."

"யார் கேக்கறாங்கங்கறதைப் பொறுத்து இல்லாம போகுமான்னு கேக்கறேன்."

டை கட்டியவர் ஏணிக்காரரின் மனைவியைப் பார்த்தார். மனைவி ஏணிக்காரரைப் பார்த்தாள். "என்ன கேக்கறீங்க நீங்க?" என்றாள்.

"இல்ல, வாங்கறதுக்கு முன்னாடி நாலையும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்ல" என்று காதைத் தடவினார் ஏணிக்காரர்.

இரண்டாவது கம்பெனி நேரில் வரவில்லை. திரையில் ஒருவர் தோன்றி, தன் பின்னால் ஏதோ கடற்கரைப் படத்தை மாட்டிக்கொண்டு பேசினார். ஒவ்வொரு மிஷினிலும் பட்டன் அளவுக்கு ஒரு பொருளை ஒட்டிவிடுவார்களாம். மிஷின் எங்கே நிற்கிறது என்பது வரைபடத்தில் புள்ளியாகத் தெரியுமாம். "கஸ்டமர் வீட்ல இருந்தே பாத்துக்கலாம் சார், தார்ப்பாய் போட்டு மூடினாலும் காட்டும்" என்றார் அவர். தார்ப்பாய் என்று அவர் ஏன் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. உதாரணத்துக்காகச் சொல்லியிருப்பார். ஏணிக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மூன்றாவதாக ஒரு பெண் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "முதல்ல கடையைப் பாக்கலாமா சார்?" என்று கேட்டார். மற்றவர்கள் யாரும் கேட்காத கேள்வி. கொட்டகையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி போன் அடிக்கிறதென்று வீட்டுக்குள் போன நேரம் பார்த்து, ஏணிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் இருக்கு-இல்லை சந்தேகத்தை ஆரம்பித்தார். ஹெல்மெட் பெண் பாதியிலேயே நிறுத்தினார். மூலையில் இருந்த தார்ப்பாயை ஒரு பார்வை பார்த்தார்.

"சார், யாருக்குக் குடுக்க மாட்டீங்க?"

ஏணிக்காரர் வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. எங்கப்பாவும் நாற்காலி வாடகைக்கு விட்டவர்தான். எங்க வீட்ல நாற்காலி எப்பவும் பரண்மேலதான் இருக்கும், வெளியே போயிருக்கும்பாரு" என்று சிரித்துவிட்டு, திரையில் ஒரு பொத்தானைக் காட்டினார். அதில் 'பழுது' என்று எழுதியிருந்தது. "இதை அமுக்கினா சிவப்பு. யாருக்கும் தர வேண்டாம். இன்னொரு தடவை அமுக்கினா பச்சை. அவ்வளவுதான்."

ஏணிக்காரருக்கு அந்தப் பெண்ணின் காலில் விழலாமா என்று தோன்றியது. போன் பேசிவிட்டு வந்த மனைவியிடம், "இதுதான் சரியா வரும். இதையே வாங்கிடுவோம்" என்றார்.

"எதனால சொல்றீங்க?"

"கலர் நல்லா இருக்கு."

அதில் எழுத்துகள் பெரிதாகத் தமிழில் இருந்தது மனைவிக்கும் பிடித்திருந்தது. முடிந்தது பேச்சு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் லேப்டாப்பும் கையுமாகக் கொட்டகையைச் சுற்றி ஒவ்வொரு மிஷினாக ஏற்றினாள். தார்ப்பாயை விலக்கிப் பிரஷர் வாஷரைப் பார்த்து, "என்னங்க, இவ்வளவு கிராக்கி உள்ள மிஷின் இப்படிப் புத்தம்புதுசா இருக்கு?" என்று அதிசயப்பட்டாள். "தினமும் தொடச்சு வைக்கிறேன்ல" என்றார் ஏணிக்காரர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நல்லவேளையாக அன்று மைத்துனருக்குச் சளிக் காய்ச்சல்.

அதன் பிறகு சில நாட்கள் ஏணிக்காரருக்குப் பொற்காலம். கொத்தனார் தலை தெரிந்தால் கலவை மிஷின் சிவப்பு. பெயின்டர் சைக்கிள் மணி கேட்டால் எல்லா ஏணியும் சிவப்பு. "கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க, பழுதாம்" என்று திரையைத் திருப்பிக் காட்டிவிட்டால் தீர்ந்தது. காதைத் தடவ வேண்டிய அவசியமே இல்லை. பிரஷர் வாஷரை அவர் முதல் நாளே சிவப்பாக்கிவிட்டார். அவருக்குத் தெரிந்தது அமுக்கத்தான். சிவப்பானவற்றைத் திரும்பப் பச்சையாக்க நினைவிருப்பதில்லை.

ஒரு சாயங்காலம் மனைவி லேப்டாப்பைத் திறந்தவள் திடுக்கிட்டுப்போனாள். பாதிக் கடை சிவப்பாகக் கிடந்தது. ஏணிகூடப் பழுது என்று இருந்தது. ஏணியில் பழுதாக என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. கணவர் தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறார், சொல்ல மாட்டேன் என்கிறார் என்று இரக்கப்பட்டு, அவரிடம் சொல்லாமலே மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் வந்து பிரஷர் வாஷரில் ஆரம்பித்தார். ஓட்டிப் பார்த்தார். ஓடியது. காதை வைத்துக் கேட்டார். முகர்ந்து பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. ஆனால் பழுது என்று கம்ப்யூட்டரே சொன்ன பிறகு, ஒன்றுமில்லை என்று கிளம்பினால் மெக்கானிக்கின் மரியாதை என்ன ஆவது? "உள்ள ஒரு சத்தம் இருக்கு" என்றார் கம்பீரமாக.

"இல்லைங்க, அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்று ஏணிக்காரர் குறுக்கே விழுந்தார்.

"உங்களுக்குக் கேக்காது" என்றார் மெக்கானிக்.

பிறகு அந்த நல்ல மிஷினை அக்கக்காகக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பினார். துடைத்தார். மாட்டினார். மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது தேவையில்லாதது" என்று ஏணிக்காரரிடம் கொடுத்தார். மற்ற மிஷின்களை ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பச்சையாக்கினாள். "உங்க கை பட்டு என்னென்னவோ சிவப்பாகுது" என்று பழுதுப் பொத்தானுக்குத் தனியாகப் பாஸ்வேர்டு போட்டுவிட்டாள். அதோடு விட்டாளா? கடையில் எது இருக்கிறது, எது இல்லை என்று யார் வேண்டுமானாலும் போனிலேயே பார்த்துக்கொள்ள அதில் ஒரு வசதி இருந்தது. அதற்கான லிங்க்கைத் தொட்டால் திறக்கும். அதை ஊரில் உள்ள வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பினாள். கடைசியாகக் குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவிலும் போட்டாள். "இனி என் தம்பி வெறுங்கையோட திரும்ப வேண்டாம்" என்று கீழே ஒரு வரி வேறு எழுதியிருந்தாள்.

அதைப் படித்ததிலிருந்து ஏணிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரிக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடையைத் திறந்தார். இன்று மைத்துனர் வருவார். பச்சையைப் பார்த்திருப்பார். இத்தனை நாளும் டீ கிளாஸ் வைத்தது எதன் மேல் என்று புரிந்திருக்கும். அக்காவிடம் சொல்வார். அதன் பிறகு நடக்கப்போவதை நினைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பேசாமல் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

மைத்துனர் வந்தார். வந்தார் என்பதைவிட ஓடி வந்தார் என்பதே சரி. சட்டைப் பொத்தான் ஒன்றுக்கொன்று மாறியிருந்தது. உள்ளே நுழைந்ததும் ஏணிக்காரரின் கையைப் பிடித்துக் கலவை மிஷினுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"அத்தான், குடியைக் கெடுத்துட்டீங்களே!"

ஏணிக்காரரின் கண் கலங்கிவிட்டது. "மச்சான், என்னை மன்னிச்சிடு. இத்தனை வருஷமா உன்கிட்டப் பொய்..."

"மன்னிக்கிறதாவது! இத்தனை வருஷமா நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு? இப்ப எதுக்குப் பச்சை பண்ணீங்க?"

"என்னது?"

"காலையில எழுந்ததும் என் பொண்டாட்டி போனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டறா. பிரஷர் வாஷர் பச்சை. டிரில்லர் பச்சை. புல் வெட்டற மிஷின் பச்சை. இன்னைக்குச் சுவரு, அடுத்த வாரம் அலமாரி, அதுக்கடுத்த வாரம் புல்லுன்னு வரிசையா சொல்றா அத்தான். நான் செத்தேன்."

ஏணிக்காரருக்கு எல்லாம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப உனக்குத் தெரியுமா? மிஷின் இங்கதான் இருக்குன்னு?"

"தெரியாம என்ன? அது மேலதானே டீ கிளாஸை வைப்பேன். நீங்க காதைத் தொட்டாலே எனக்குத் தெரியும். நீங்க இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நம்பித்தானே வருவேன்! வீட்டுக்குப் போய், அத்தான் கடையிலயே மிஷின் இல்லைன்னு சொல்லிட்டா அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு. டீ, பேப்பர், நிம்மதி. எல்லாத்தையும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கெடுத்துட்டீங்க."

ஏணிக்காரர் கலவை மிஷினைப் பிடித்துக்கொண்டார். அவருக்குள் ஏதோ ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கின இடத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது.

"மச்சான், அந்த டிரில்லர்..."

மைத்துனர் தரையைப் பார்த்தார். "பரண்மேல இருந்து போட்டேன் அத்தான். முதல் தடவை உடையல. ரெண்டாவது தடவைதான்."

"வேணும்னா?"

"ஒரு அலமாரி மாட்டினா அடுத்தது சொல்லுவா. அதான் ஆரம்பத்துலயே..."

ஏணிக்காரருக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. எப்பேர்ப்பட்ட டிரில்லர்! அதைவிட, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தான் குற்ற உணர்ச்சியில் குமைந்துகொண்டிருக்க, இவன் சவுகரியமாகப் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையால் மைத்துனரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். தன்னைவிடப் பெரிய புளுகனைக் குடும்பத்துக்குள்ளேயே கண்டதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்போது மைத்துனரின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் அதை ஏணிக்காரரின் கையில் திணித்தார். "அவதான் அத்தான். ஒரே ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் தப்பு, வெளியே போயிருக்குன்னு சொல்லிடுங்க. எப்பவும் சொல்றதுதானே. உங்க காலைப் பிடிக்கறேன். ஆஸ்பத்திரிப் படியை நினைச்சுப் பாருங்க."

ஏணிக்காரர் போனைக் காதருகே கொண்டுபோனார். வழக்கப்படி மோட்டுவளையைப் பார்த்தார். இடது கை தானாகக் காது மடலை நோக்கி எழும்பியது. பாதி வழியில் நின்றது. மைத்துனரைப் பார்த்தார்.

"முடியாது" என்றார்.

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப்போனார். அந்தச் சொல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. மைத்துனர் வாயைப் பிளந்தார்.

"இருக்கும்மா" என்றார் ஏணிக்காரர் போனில், கணீரென்று. "நல்லா இருக்கு. உன் வீட்டுக்காரன் கையிலயே குடுத்து அனுப்பறேன்."

"ரொம்ப நன்றிண்ணா! எத்தனை வருஷமா கேக்கறேன்!" என்று அந்தப் பக்கம் குதூகலித்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், கலவை மிஷினுக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு ஆண்களும் கையும் களவுமாகப் பிடிபட்டு ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள்.

"இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

"எது?"

"என் தம்பிகிட்டச் சொன்னீங்களே."

"முடியாது" என்றார் வெட்கத்தோடு.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் துளிர்த்தது. இவரோடு குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் அவள் கேட்க ஏங்கிய சொல் அது. இந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வந்திருந்தால், ஊர் முழுக்க ஏணியைத் தேடி அலைந்திருக்க வேண்டாம். ஆனால் அவள் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறவள் அல்ல. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் குரல் பழையபடி ஆனது.

"என்கிட்டயும்தானே கிராக்கி, கிராக்கின்னு சொல்லி வெச்சீங்க? இவன் பரண்ல இருந்து போட்டு உடைச்சிருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. அங்க சுவரைக் கழுவிட்டு வந்து இங்க சுவரையும் கழுவுங்க. அதுக்கப்புறம்தான் சோறு."

"அக்கா..." என்று மைத்துனர் இழுத்தார்.

"முடியாது" என்றாள் அவள். அவளுக்கு அது எப்போதுமே சரளமாக வரும்.

லேப்டாப்பில் தட்டினாள். பிரஷர் வாஷருக்கு நேராக இருந்த பச்சை அணைந்து, 'வெளியே போயிருக்கிறது' என்று வந்தது. எத்தனையோ வருடங்களில் முதல்முறையாக அந்த மிஷின் நிஜமாகவே வெளியே போனது.

மைத்துனர் வீட்டில் தண்ணீர்க் குழாயை மாட்டி மிஷினை ஓடவிட்டார்கள். மெக்கானிக் தேவையில்லாதது என்று சொன்ன திருகாணிக்கு என்ன வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் நேராகச் சுவருக்குப் போகாமல், பக்கவாட்டில் பாய்ந்து மைத்துனரைத் தலை முதல் கால்வரை நனைத்தது. அவர் மனைவி ஜன்னலில் நின்று, "சுவரைக் கழுவச் சொன்னா இவர் குளிக்கிறாரு" என்று அலுத்துக்கொண்டாள். ஏணிக்காரர் கையோடு கொண்டு வந்திருந்த திருகாணியை எடுத்து, அது போக வேண்டிய ஓட்டையைத் தேடி மாட்டினார். அதன் பிறகு ஒழுங்காக ஓடியது. பாசி வழிந்து போய், அடியிலிருந்து வெள்ளைச் சுவர் எட்டிப் பார்த்தது.

பாதிச் சுவரில் ஏணிக்காரரின் போன் அடித்தது. கொத்தனார்.

"ஏணிக்காரரே, பிரஷர் வாஷர் வேணுமே."

"வெளியே போயிருக்குங்க" என்றார் ஏணிக்காரர். காதைத் தொடாமல் சொன்னார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அந்தப் பக்கம் கொத்தனார் சிரித்தார். "என்கிட்டயேவா? அந்த மூலையில தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க. அதுக்குள்ளதான் எப்பவும் இருக்கும். ஊருக்கே தெரியும்."

ஏணிக்காரருக்குப் பொசுக்கென்று போய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை உண்மையாகச் சொல்கிறார், நம்ப ஆள் இல்லை. "சத்தியமா வெளியே போயிருக்குங்க! என் பக்கத்துலதான் இருக்கு!" என்று கத்தினார்.

"பக்கத்துல இருக்குன்னா வெளியே எப்படிப் போயிருக்கும்?" என்றார் கொத்தனார்.

"மச்சான், நல்லா ஓட்டு" என்று சொல்லிவிட்டு, ஏணிக்காரர் போனைக் கொண்டுபோய் அலறிக்கொண்டிருந்த மிஷினின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.